பிளவக்கல் நீர்க்கரைக்கு ஒரு படித்துறை

விருதுநகர் மாவட்டம் என்றவுடன் வெயிலையும் வெடிமருந்தையும் நினைப்பவர்களை ஒரு முறையேனும் வத்திராயிருப்புக்கு அழைத்து வரவேண்டும். இராஜபாளையத்திலிருந்தோ திருவில்லிபுத்தூரிலிருந்தோ மதுரைச் சாலையில் புறப்பட்டு, கிருஷ்ணன்கோவிலில் இடப்புறம் திரும்பினால், சிறிது தூரத்திற்கெல்லாம் கந்தக பூமியின் சாயல் மறைந்துவிடுகிறது. இரு மருங்கும் வயல். வயலுக்கு அப்பால் தென்னை. தென்னைக்கு அப்பால் மூன்று பக்கமும் வளைத்துக் கட்டிய கோட்டைச் சுவரெனத் தொடர்ச்சி மலை. ஊர்மக்கள் வாயில் 'வத்திராப்' என்று சுருங்கிப்போன அந்தப் பேரூரைக் கடந்து, கூமாப்பட்டி வழியாக மேற்கே சென்றால், சாலை மலையடிவாரத்தில் போய் முட்டி நிற்கும் இடந்தான் பிளவக்கல். பெயரைச் சொல்லும்போதே பிளந்து நிற்கும் பாறை ஒன்று கண்முன் வருகிறது.

அங்கே இரண்டு அணைகள் இருக்கின்றன. ஒன்று பெரியாற்றின் மீது, மற்றொன்று கோவிலாற்றின் மீது. பெரியாறு என்றதும் வாசகர்கள் முல்லைப் பெரியாற்றை எண்ணிவிட வேண்டாம். அது மலைக்கு அப்பால் மேற்கே ஓடுவது. இது கிழக்கே இறங்கி வரும் சிற்றாறு. பெயரில் மட்டுமே பெரியது. இவ்விரு ஓடைகளின் நீரும் அர்ச்சுனா நதியாய்ச் சென்று வைப்பாற்றோடு கலக்கிறது. 1970-களில் கட்டப்பட்ட இவ்வணைகளுள் பெரியாற்று அணையின் உச்ச நீர்மட்டம் 47 அடிக்குச் சற்று மேல். கோவிலாற்று அணையினது 42 அடிக்குச் சற்று மேல். பெரியாற்று அணை நிரம்பி வழியும்போதும் அதில் தேங்குவது 200 மில்லியன் கன அடிக்கு உட்பட்ட நீரே. வைகை அணை 6,000 மில்லியன் கன அடியளவு கொள்வது என்பதை நினைத்துப் பார்த்தால், இது அதில் முப்பதில் ஒரு பங்கு. ஆயினும் இந்தச் சிறு நீரை நம்பித்தான் பெரியகுளம், விராகசமுத்திரம் முதலாக நாற்பது கண்மாய்கள் வாய் பிளந்து காத்திருக்கின்றன. இந்தக் கணக்கை நாம் முதலிலேயே சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு. கரையழகு பற்றிப் பேசுவோர் பலரும் நீரின் சொந்தக்காரர் யார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அணையை ஒட்டி ஒரு பூங்கா உண்டு. குழந்தைகள் சறுக்கி விளையாடவும் ஊஞ்சலாடவும் என்று ஒரு காலத்தில் ஆசையோடு அமைக்கப்பட்டது. பின்பு பல ஆண்டுகள் பராமரிப்பின்றிப் புதர் மண்டிக் கிடந்தது. அணைகளின் பக்கத்தில் பூங்கா அமைப்பதில் நம் நாட்டார் காட்டும் ஊக்கம், அமைத்த பூங்காவுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் காணப்படுவதில்லை என்பது பிளவக்கல்லுக்கு மட்டும் உரிய குறையன்று.

இந்நிலையில்தான் 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்த வேடிக்கை நடந்தது. உள்ளூர் இளைஞர் ஒருவர் கூமாப்பட்டியின் தண்ணீரைப் புகழ்ந்து, எல்லாரும் இங்கே வாருங்கள் என்று உரிமையோடு அழைத்த ஒளிப்படத் துணுக்கு இன்ஸ்டாகிராமில் ஊரெங்கும் பரவியது. அதுவரை பேருந்துப் பலகையில் மட்டும் காணப்பட்ட ஊர்ப்பெயர் தமிழகத்தின் கடைக்கோடி வரை சிரிப்போடு உச்சரிக்கப்பட்டது. கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் கூட்டம் வந்து இறங்கிற்று. வந்தவர்கள் கண்டது என்ன? ஜூன் மாதம் கோடை முடியும் காலம். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அணைக்குள் இறங்கிக் குளிப்பதற்கு அனுமதி இல்லை என்று அதிகாரிகள் அறிவிக்க நேர்ந்தது. ஏமாந்து திரும்பியோர் பலர். ஆனால் அந்தச் சிரிப்பினால் ஒரு நன்மையும் விளைந்தது. பூங்காவைச் சீரமைக்க அரசு 10 கோடி ரூபாய் ஒதுக்கியுள்ளதாக அடுத்த மாதமே செய்தித்தாள்கள் எழுதின. நாற்பது ஆண்டு மனுக்களால் ஆகாதது நாற்பது விநாடிப் படத்தால் ஆகிற காலம் இது.

ஆகவே, கேள்வி இப்போது ஏட்டளவில் இல்லை. பூங்காவும் பூங்காவை ஒட்டிய நீர்க்கரையும் எப்படி அமைய வேண்டும் என்பதைக் குடும்பத்தோடு அங்கே செல்லப்போகிற நாமும் பேச வேண்டியிருக்கிறது. விடுமுறைக்குப் பங்குக் குடும்பங்களை வண்டி பிடித்து அழைத்துச் செல்லும் பொறுப்பு நமக்கு அடிக்கடி வாய்க்கிறது. ஐம்பது பேரை நீர்நிலைக்கு அழைத்துச் சென்று ஐம்பது பேரையும் திரும்ப எண்ணி ஏற்றும் வரையில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது எப்படி என்பது, அப்படிப்பட்ட பயணங்களை நடத்தியவர்களுக்கே தெரியும்.

நம்மோடு அணைக்கரைக்கு வந்த இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் சில படங்களைக் காட்டினார். வெளிநாட்டு ஏரிகள், கரையில் வெண்மணல், மணலில் குடைகள், பின்னால் ராட்டினங்கள் சுழலும் கேளிக்கைப் பூங்கா. "சாமி, இங்கேயும் நாலு லாரி மணலைக் கொட்டினால் இதுபோல ஆகிவிடாதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆகாது என்பதே நம் விடை. ஆனால் ஏன் ஆகாது என்பதில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது.

அவர் காட்டிய படங்களுக்கு ஒப்பான ஓர் இடம் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ளது. மான்டிசெல்லோ என்னும் ஊருக்கருகே டிப்பக்கானூ ஆற்றின் குறுக்கே 1923-இல் நார்வே அணை கட்டப்பட்டு, ஷேஃபர் ஏரி உண்டாயிற்று. மூன்றாண்டு கழித்து, 1926-இல், ஏர்ல் ஸ்பேக்மன் என்பவர் அந்த ஏரிக்கரையில் ஒரு குளிக்கும் துறையை அமைத்து, 'ஐடியல் பீச்' என்று பெயரிட்டார். முதலில் வந்தது கரையே. ராட்டினமும் மரத்தாலான ஏற்ற இறக்க இரயிலும் அதன் பின்னரே ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தன. பிற்காலத்தில் 'இந்தியானா பீச்' என்று பெயர் மாறி, தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் கோடையைக் கழிக்கும் இடமாயிற்று. 2020-இல் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, ஊரார் கலங்கியிருக்கையில், வேறொருவர் வாங்கி அதே ஆண்டு மீண்டும் திறந்தார்.

அதுவும் அணையால் உண்டான ஏரிதானே, அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? அந்த அணை மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது. நீர்மட்டத்தை ஏறக்குறைய ஒரே நிலையில் வைத்துக்கொண்டு, வருகிற அளவு நீரை வெளியே விடுவது அதன் வழக்கம். இன்று நீரும் மணலும் சந்திக்கும் கோடு நாளையும் அங்கேயே இருக்கும். அதனால் அங்கே கரை என்ற ஒன்று இருக்கிறது. நம் பிளவக்கல்லோ பாசன அணை. கார்த்திகையில் நிரம்பி நிற்கும்; வயலுக்குத் திறக்கத் திறக்க இறங்கும்; சித்திரையில் அடிமண் தெரியும். 40 அடி உயரம் ஏறி இறங்கும் நீருக்கு நிலையான கரை எங்கே இருக்கும்? தை மாதம் கொட்டிய மணல் பங்குனியில் தண்ணீரிலிருந்து வெகுதூரத்தில் வெயிலில் காய்ந்து கிடக்கும். அடுத்த வெள்ளம் அதை வாரிக்கொண்டு போய் மதகின் வாயில் சேர்க்கும். ஏற்கெனவே வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறையும் அணைகளைத் தூர்வார வேண்டும் என்று உழவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, நாம் போய் மணலைக் கொட்டுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது? அத்தோடு, அந்த மணலை எங்கிருந்து எடுப்பது? ஓர் ஆற்றைத் தோண்டி இன்னோர் ஆற்றுக்கு அலங்காரம் செய்வதாகவே முடியும்.

நீர்மட்டம் மாறாத அந்தத் தேசத்திலுங்கூட வழக்கு இல்லாமல் இல்லை. ஷேஃபர் ஏரிக்குக் கீழே அதே ஆற்றில் ஃபிரீமன் ஏரி என்று மற்றொன்று உள்ளது. அதற்கும் கீழே ஆற்றில் அழிந்துவரும் சிப்பி இனங்கள் வாழ்கின்றன. மழை குறைந்த ஆண்டுகளில் அச்சிப்பிகளுக்காக நீரைத் திறந்துவிட வேண்டியிருந்ததால், 2020-இல் ஃபிரீமன் ஏரி பல அடி இறங்கிப் படகுத்துறைகள் சேற்றில் நின்றன. கரையில் வீடு கட்டியவர்கள் கொதித்தெழுந்தார்கள். மேலே கேளிக்கைக்கும் கீழே உயிர் வாழ்வுக்கும் ஒரே நீரைப் பங்கிடும்போது வரும் பிணக்கு எங்கும் ஒன்றே. அங்கே கீழே இருப்பவை வாயற்ற சிப்பிகள். இங்கே கீழே இருப்பவை நாற்பது கண்மாய்ப் பாசனம்.

இயற்கையான மணற்கரை வாய்த்த ஏரிகளின் கதை வேறு. ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் உள்ள சீடர் பாயின்ட் 1870 முதல் குளிப்பவர்களை வரவேற்று வருகிறது. நோட்டர் டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்து மாணவர் நுட் ராக்னி 1913-ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே வேலை பார்த்தபடி, ஓய்வு நேரத்தில் மணலில் பந்தெறிந்து பழகி, பின்னர் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் போக்கையே மாற்றினார் என்பது அந்நாட்டார் பெருமையோடு சொல்லும் செய்தி. அவர் அங்கே பார்த்த வேலை என்ன தெரியுமா? நீரில் இறங்குவோரைக் கண்காணித்து உயிர் காக்கும் காவலர் வேலை. நூறாண்டுக்கு முன்னரே கேளிக்கைப் பூங்காவின் கரையில் ஊதியம் பெறும் காவலர் நின்றிருக்கிறார். நம் நீர்நிலைகளில் இன்றும் 'ஆழம், இறங்காதே' என்ற பலகைதான் காவலர். அந்தப் பலகையிலும் பாதி எழுத்து உதிர்ந்திருக்கும்.

நம் முன்னோடிப் பொறியாளர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்லர். 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையைப் பாருங்கள். பூங்கா எங்கே இருக்கிறது? அணைக்குக் கீழே, ஆற்றின் இரு கரையிலும். 1934-இல் முடிந்த மேட்டூரிலும் அவ்வாறே. அங்கே மக்கள் குளிப்பதும் அணைக்குக் கீழே ஓடும் காவிரியில்தான். கிருஷ்ணராஜசாகரத்துப் பிருந்தாவனமும் அணையின் அடிவாரத்துத் தோட்டமே. தேங்கிய நீரைப் பார்ப்பதற்கும், ஓடும் நீரை அனுபவிப்பதற்கும் என்று அவர்கள் பிரித்து வைத்தார்கள்.

தேங்கிய நீரின் ஆபத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்; ஏனெனில் கரையில் நின்று பார்க்கையில் அது தெரிவதில்லை. நீர் இறங்கிய பின் கரையில் எஞ்சும் வண்டல் மேலே வெடித்துக் காய்ந்த தரைபோல் தோன்றும். கால் வைத்தால் முழங்கால் வரை வாங்கிக்கொள்ளும். உருவி எடுக்க முயல்கிறவன் மறுகாலையும் புதைத்துக்கொள்வான். நீருக்கடியில் பழைய ஆற்றுப் பள்ளம் அப்படியே இருக்கிறது. இடுப்பளவு நீரில் பத்து எட்டு நடந்தவன் பதினோராவது எட்டில் தலைக்கு மேல் போய்விடுகிறான். கண்மாய்களிலோ மண் அள்ளிய குழிகள் வேறு. மழை பெய்து நிரம்பிவிட்டால் குழியும் தெரியாது, சீமைக்கருவேல முள்ளும் தெரியாது. மதகின் அருகே நீர் மேற்பரப்பில் அசையாமல் நிற்கும், அடியில் இழுக்கும். நீச்சல் தெரிந்தவனையும் இவை விடுவதில்லை. கிணற்றில் நீந்திப் பழகிய துணிவோடு அணையில் இறங்குகிற வாலிபனே முதலில் சிக்குகிறான்.

2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நம் நாட்டில் 2022-இல் இவ்வாறு இறந்தவர்கள் 38,000-க்கு மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. இவர்களுள் கடலில் போனவர்களைவிட, வீட்டுக்குப் பக்கத்துக் குளம் குட்டையில் போனவர்கள் மிகுதி. சுற்றுலாப் போன இடத்தில் நேரும் சாவில் இன்னுமொரு கொடுமை உண்டு. காலையில் புத்தாடை உடுத்தி, புளிச்சோறு கட்டிக்கொண்டு, பாட்டுப் பாடிப் போன வண்டி மாலையில் எப்படித் திரும்புகிறது என்பதை, அத்தகைய வீட்டு வாசலில் நின்று ஆறுதல் சொல்ல வார்த்தையின்றித் தவித்தவர்கள் அறிவார்கள். நாம் அவ்வாறு நின்றிருக்கிறோம். அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறோம்.

அப்படியானால் குளியலே வேண்டாம் என்று கம்பிவேலி போட்டுவிடலாமா? வேலியை ஏறிக் குதிப்பான். சுட்டெரிக்கும் இந்த மாவட்டத்தில் நீரைக் காட்டி, தொடாதே என்று சொல்வது நடக்கிற காரியமன்று. இறங்குவதற்குத் தகுந்த ஓர் இடத்தை நாமே அமைத்துக் கொடுத்தால்தான், தகாத இடத்தில் இறங்காதே என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டாகும்.

நம் மூதாதையர் ஆற்றங்கரையிலும் குளத்தங்கரையிலும் என்ன அமைத்தார்கள்? மணலைக் கொட்டவில்லை, படித்துறை கட்டினார்கள். நீர் ஏறினால் மேற்படியில் நின்று குளி; இறங்கினால் கீழ்ப்படியில் நின்று குளி. ஏறி இறங்கும் நீருக்கு ஏற்ற கரை அதுவே. திருவில்லிபுத்தூரின் திருமுக்குளத்தைப் பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பிளவக்கல்லில் அணையின் மேற்புறத்தில் உட்கார்ந்து மலையையும் நீரையும் பார்ப்பதற்குக் கைப்பிடிச் சுவரோடு கூடிய படிகள் போதும். அங்கே நீரில் இறங்க வழி வேண்டாம். குளிக்கும் துறை அணைக்குக் கீழே, பாசன வாய்க்காலை ஒட்டி அமையட்டும். வாய்க்கால் நீர் ஒரு முனையில் நுழைந்து, அகன்ற ஆழமற்ற தொட்டியைக் கடந்து, மறுமுனையில் அதே வாய்க்காலில் சேர்ந்துவிட வேண்டும். ஒரு குடம் நீரும் உழவனுக்குக் குறையாது. குழந்தைகள் பக்கம் ஆழம் 2 அடி. பெரியவர் பக்கம் 4 அடி. இரண்டுக்கும் நடுவே கம்பித் தடுப்பு. தரை, பத்தடி நடந்தால் ஓரடிக்கு மேல் இறங்காத சரிவு. அடித்தளம் சொரசொரப்பான கல். பாசி பிடித்தால் அன்றன்றே தேய்க்க ஓர் ஆள். பருவத்தில் மதகு திறந்திருக்கும் நாட்களில் குளிக்கலாம். மற்ற நாட்களில் தொட்டி காய்ந்துதான் கிடக்கும், கிடக்கட்டும். ஆண்டு முழுவதும் குளிக்க வேண்டுமென்று ஆழ்துளைக் கிணறு போட்டு நிலத்தடி நீரை இறைத்துக் கேளிக்கைக் குளம் நிரப்புவதை நாம் ஒருபோதும் ஒப்ப மாட்டோம்.

நீரின் தூய்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியிடக் குளியலுக்கு உரிய நீர் 100 மில்லிலிட்டரில் 500-க்கு மேல் கோலிஃபார்ம் கிருமிகள் இல்லாததாய் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த அளவு. மலையிலிருந்து வரும் நீர் நல்ல நீரே. அதைக் கெடுப்பது நாமே. கழிப்பறை இல்லாத சுற்றுலாத் தலத்தில் ஐந்நூறு பேர் பகல் முழுதும் இருந்தால் என்ன ஆகும் என்பதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. சென்னைக்குத் தெற்கே கோவளம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தூய்மைக்கும் பாதுகாப்புக்குமான 33 அளவுகோல்களை நிறைவு செய்யும் கரைகளுக்கே டென்மார்க் நாட்டை இருப்பிடமாகக் கொண்ட ஓர் அமைப்பு அக்கொடியை வழங்குகிறது. கடற்கரைக்கு மட்டுமன்றி ஏரிக்கரைக்கும் அது உண்டு. நமக்குக் கொடி வேண்டாம். அந்தப் பட்டியலில் உள்ள கழிப்பறை, உடை மாற்றும் அறை, முதலுதவிப் பெட்டி, உயிர்காப்பாளர், நீர்ப்பரிசோதனை ஆகிய ஐந்தும் பிளவக்கல்லுக்கு வந்தால் போதும். உடை மாற்றும் அறையை ஆடம்பரம் என்று எண்ணும் ஆண்கள் தம் வீட்டுப் பெண்களைக் கேட்கட்டும். ஈர உடையோடு மாலை வரை உட்கார்ந்திருப்பதற்கு அஞ்சியே நம் தாய்மார் பலர் கரையில் சோற்றுமூட்டைக்குக் காவல் இருந்துவிட்டு வருகிறார்கள்.

மது அருந்திவிட்டு நீரில் இறங்குவதும், புட்டியைப் பாறையில் உடைத்துப் போடுவதும் பற்றி நாம் சொன்னால், பிரசங்கம் என்பார்கள். நுழைவாயிலில் பைகளைச் சோதிக்க ஒரு காவலரை நிறுத்தினால் பிரசங்கம் தேவைப்படாது.

இன்னொரு சொந்தக்காரர் கூட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. இந்த மலைகள் 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. 2021-இல் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகமாயின. யானைகள் அடிவாரத் தோப்புகளுக்கு இறங்கி வந்து தென்னையையும் மாவையும் முறித்துப் போடுவது இங்குள்ள உழவர்களின் தீராத துயரம். மாலை மயங்கியபின் நீர்க்கரை அவற்றுக்கு உரியது. எனவே வண்ண விளக்கு, இரவு இசை, ஒலிபெருக்கி என்று பூங்காவை இரவு எட்டு மணி வரை நீட்டும் திட்டம் எதுவும் கூடாது. சோற்றுமிச்சத்தைக் கரையில் விட்டு வந்தால், இன்று குரங்கு வரும்; நாளை காட்டுப்பன்றி வரும். மலையடிவாரத்துப் பளியர் குடியிருப்புகளின் இளைஞர்களை வழிகாட்டிகளாகவும் கரைக் காவலர்களாகவும் அமர்த்தினால், அந்த மலையின் போக்கு அறிந்தவர்கள் கையில் நம் குழந்தைகள் இருப்பார்கள். மலையில் மழை பெய்தால் அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2015-ஆம் ஆண்டு மே மாதம் பக்கத்துச் சதுரகிரி மலையில் அவ்வாறு திடீரென வந்த ஓடை வெள்ளம் பக்தர்கள் பலரின் உயிரைக் கொண்டுபோனதை இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. வானம் கறுக்கும் திசையைப் பார்த்துச் சீழ்க்கை அடிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பது, பத்து எச்சரிக்கைப் பலகைகளுக்குச் சமம்.

செலவு மிகுதியாகுமோ என்று கேட்பார்கள். ராட்டினம் ஒன்றின் விலையில் படித்துறை முடிந்துவிடும் என்பது நம் எண்ணம். கட்டுவதைவிடக் காப்பதே கடினம். நுழைவுக் கட்டணமாகச் சேரும் பணம் வேறெங்கோ போய்ச் சேராமல், உள்ளாட்சி மன்றமும் பாசன சபைகளும் சேர்ந்த ஒரு குழுவின் கையில் இருந்து, அந்தக் கரைக்கே செலவாக வேண்டும். உழவர்களைக் கேளாமல் தொடங்கினால் முதல் வறட்சியிலேயே சண்டை மூளும். கேட்டுத் தொடங்கினால், தொட்டிக்கு நீர் திறக்கும் நேரத்தை அவர்களே குறித்துத் தருவார்கள்.

இவையெல்லாம் நடக்கும் வரை பிளவக்கல்லுக்குச் செல்லும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். நீரருகே குழந்தைகளைக் கவனிக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். எல்லாரும் பார்த்துக்கொள்வோம் என்றால் ஒருவரும் பார்ப்பதில்லை. மூழ்குகிற குழந்தை கூச்சலிடுவதில்லை. ஓசையின்றி ஒரு நிமிடத்திற்குள் போய்விடுகிறது. வண்டியில் நீண்ட கயிறு ஒன்றும் காற்றடைத்த பழைய டயர் டியூப் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். ஒருவர் தத்தளித்தால் அவற்றை வீசுங்கள். பயிற்சி இல்லாதவர் பின்னாலேயே குதித்தால் இருவரை இழப்போம். கரை சேர்த்த பின், காலைப் பிடித்துத் தலைகீழாய்ச் சுற்றுவது, குடத்தின் மீது வயிற்றை வைத்து அமுக்குவது முதலிய நாட்டு வழக்கங்கள் வேண்டா; அவை இருக்கும் சில விநாடிகளையும் வீணாக்கும். மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, மூச்சு இல்லையெனில் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து மூச்சூதி, மார்பின் நடுவே அழுத்திக்கொண்டே 108-ஐ அழையுங்கள். மருத்துவமனை சற்றுத் தொலைவு என்பதால் முதல் ஐந்து நிமிடம் உங்கள் கையிலேயே இருக்கிறது. கோடை விடுமுறையில் பங்கிலே ஒரு நாள் ஒரு மருத்துவரையோ செவிலியச் சகோதரியையோ அழைத்து இதைப் பழக்கிக் கொடுத்தால், சுற்றுலாவுக்கு அதைவிட நல்ல முன்னேற்பாடு வேறில்லை.

போக ஏற்ற காலம் கார்த்திகை முதல் தை வரை. அணை நிரம்பியிருக்கும், மலையின் பசுமை நீரில் தலைகீழாய்த் தெரியும், வழியெல்லாம் நாற்றங்கால். முன்னதாக அணைக்கு அனுமதி உண்டா என்று வத்திராயிருப்பில் விசாரித்துக்கொள்ளுங்கள். சோறு கட்டிக்கொண்டு போங்கள். இலையையும் தாளையும் ஒரு சாக்கில் போட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள். நான்கு மணிக்குப் புறப்பட்டால், யானைகள் இறங்குமுன் வயல்வெளியைக் கடந்து, விளக்கேற்றும் நேரத்தில் திருவில்லிபுத்தூர் வந்து, சூடான பால்கோவா வாங்கிக்கொண்டு ஊர் திரும்பலாம்.